விண்கலத்தைக் கட்டுவதா, கணினியில் உருவாக்குவதா? அறிவியல் புனைவுப் படங்களில் செட், மினியேச்சர், கணினி வரைகலை: ஓர் ஒப்பீடு

அறிவியல் புனைவுப் படம் எடுக்கத் துணிபவர் திரைக்கதை முடிந்த கையோடு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கதையில் வரும் விண்கலத்தையும் வேற்றுக்கிரகத்தையும் இயந்திர மனிதனையும் மரம், இரும்பு, ஃபைபர் கொண்டு செய்து கேமராவின் முன் நிறுத்துவதா, அல்லது கணினியில் உருவாக்கிப் பின்னர் காட்சியோடு இணைப்பதா? இது பெரும்பாலும் ரசனைச் சண்டையாகவே பேசப்படுகிறது. கையால் செய்ததில்தான் உயிர் இருக்கிறது என்று ஒரு சாராரும், கணினியால் ஆகாதது எதுவுமில்லை என்று இன்னொரு சாராரும் வாதிடுகிறார்கள். படம் எடுப்பவருக்கு இரண்டு வாதத்தாலும் பயனில்லை. இரண்டு வழிகளையும் உண்மையில் பிரித்துக் காட்டுவது, முடிவு எப்போது எடுக்கப்படுகிறது என்பதே என்று நான் கருதுகிறேன். செட்டும் மாதிரி வடிவமும் படப்பிடிப்புக்கு முன்பே தீர்மானத்தைக் கேட்கின்றன; கணினி வரைகலை அதைத் தள்ளிப்போட இடம் கொடுக்கிறது. செலவு, நடிப்பு, திருத்தம் ஆகியவற்றில் தென்படும் வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் ஒளியை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் பார்வையாளர் பொய்யைக் கண்டுகொள்வது பெரும்பாலும் அங்கேதான். ஒரு பொருள் கேமராவின் முன் உண்மையிலேயே இருந்தால், அதன் மேல் விழும் ஒளியும் அதிலிருந்து நடிகரின் முகத்துக்குத் திரும்பும் ஒளியும் யாரும் சொல்லாமலேயே சரியாக அமைந்துவிடுகின்றன. ஒளி பட்டுச் சிதறுவதை கணினி வடிவத்தை முழுப் படமாக்கும் இன்றைய ரெண்டரிங் மென்பொருள்கள் தாமே கணக்கிட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் கைப்பிடியில் பெயின்ட் தேய்ந்திருப்பதையும், நடிகர் சுவரில் சாய்ந்த இடத்தில் தூசி கலைந்திருப்பதையும் மென்பொருள் தானாக யோசிப்பதில்லை. அவற்றை யாரோ ஒருவர் நினைவில் வைத்து, நேரம் செலவிட்டுச் சேர்க்க வேண்டும். கிரீன் மேட், அதாவது பின்னணியைப் பின்னர் கணினியில் மாற்றுவதற்காக வைக்கும் பச்சைத் திரையின் முன் எடுக்கும்போது இன்னொரு சிக்கலும் வருகிறது: திரையின் பச்சை நிறம் நடிகரின் கன்னத்திலும் முடி ஓரத்திலும் உலோக உடையிலும் படிந்துவிடும், அதைப் பின்னர் துடைத்தெடுக்க வேண்டும். 2021-இல் வெளியான 'டூன்' படத்தில் பாலைவனக் காட்சிகளுக்குப் பச்சைக்குப் பதிலாக மணல் நிறத் திரைகளைப் பயன்படுத்தினார்கள். திரையிலிருந்து கசியும் நிறம் எப்படியும் மணலின் நிறமாகவே இருந்ததால், அது குறையாகாமல் காட்சிக்கு உதவியது. கணினி வேலையே என்றாலும், அதன் வெற்றி படப்பிடிப்புத் தளத்தில் ஒரு துணியின் நிறத்தைத் தேர்ந்தெடுத்ததில் தொடங்கியது.

விண்வெளி வீரரின் ஹெல்மெட் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு நல்ல சோதனை. முகப்புக் கண்ணாடியோடு எடுத்தால் கேமராவும் விளக்குகளும் படக்குழுவினரும் அதில் தெரிவார்கள். கண்ணாடி இல்லாமல் எடுத்தால் பிரதிபலிப்பே இல்லாத ஹெல்மெட் பார்ப்பவர் கண்ணை உறுத்தும். 'கிராவிட்டி' (2013) படத்தில் கண்ணாடி இல்லாமல் எடுத்து, முகப்பையும் அதில் தெரியும் பூமியையும் கணினியில் சேர்த்தார்கள். ஆனால் அந்த முகங்களின் மேல் விழுந்த ஒளி பொய்யல்ல. ஏறத்தாழ 18 லட்சம் எல்இடி விளக்குகள் பதித்த ஒரு பெட்டிக்குள் நடிகரை நிறுத்தி, பூமியும் சூரியனும் சுழல்வதற்கேற்ப ஒளியை அவர் முகத்தில் நகர்த்தினார்கள்.

சிறு அளவில் செய்யும் மாதிரியான மினியேச்சரைப் பொறுத்தவரை, அதன் மேல் பற்றுள்ளவர்கள் பலர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று உண்டு: பொருளைச் சிறிதாக்கலாம், புவியீர்ப்பைச் சிறிதாக்க முடியாது. 16 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து உடையும் துண்டு தரையைத் தொட ஏறத்தாழ 1.8 நொடி ஆகும். அதே கோபுரத்தை 1 மீட்டர் உயர மாதிரியாகச் செய்து உடைத்தால் துண்டு 0.45 நொடியில் விழுந்துவிடும், பார்ப்பவருக்கு அது பொம்மை என்று உடனே தெரிந்துவிடும். எனவே அளவு எத்தனை மடங்கு குறைகிறதோ அதன் வர்க்கமூல மடங்கு வேகத்தில் கேமராவை ஓட்ட வேண்டும். பதினாறில் ஒரு பங்கு மாதிரிக்கு நான்கு மடங்கு, அதாவது நொடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதில் 96 ஃப்ரேம்; வழக்கமான வேகத்தில் திரையிடும்போது விழுவது மெதுவாகத் தெரியும். வேகம் நான்கு மடங்கானால் ஒளியும் நான்கு மடங்கு வேண்டும். அத்தோடு, அருகிலிருந்து எடுக்கப்படும் சிறு பொருளின் முன்பகுதி மட்டும் தெளிவாகவும் பின்பகுதி மங்கியும் தெரிந்தால் அதுவும் பொம்மை என்பதைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். துளையின் அளவைக் குறிக்கும் எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்; எஃப் 4-இலிருந்து எஃப் 16-க்குப் போனால் இன்னும் பதினாறு மடங்கு ஒளி தேவை. இரண்டையும் பெருக்கினால் 64 மடங்கு. மாதிரி சிறிதாக இருப்பதால் படப்பிடிப்பும் சிறிதாக இருக்கும் என்று எண்ணித் திட்டமிடுபவர் முதலில் தடுமாறுவது இந்த விளக்குச் செலவில்தான்.

வெடிக்காத, விழாத, மெல்ல மிதந்து செல்லும் விண்கலத்துக்கு நிலைமை நேர்மாறானது. விண்வெளியில் எதுவும் கீழே விழுவதில்லை என்பதால் கேமராவை வேகமாக ஓட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு ஃப்ரேமுக்குப் பல நொடிகள் ஒளி புகவிட்டு, மிகச் சிறிய துளையில், பொறுமையாக எடுக்கலாம். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்தின் 54 அடி நீள விண்கல மாதிரி அப்படித்தான் படமாக்கப்பட்டது. 1975-இல் தொடங்கப்பட்ட இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் 1977-இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக உருவாக்கிய, கணினி கட்டுப்பாட்டில் இயங்கும் கேமரா ஒரே அசைவைப் பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்யக்கூடியதாக இருந்ததால், கலத்தின் உடலை ஒரு முறையும் அதன் இயந்திர ஒளியை இன்னொரு முறையும் தனித்தனியாக எடுத்து ஒன்றாகச் சேர்க்க முடிந்தது. மினியேச்சர் மிகச் சிறப்பாகப் பொருந்தும் இடம் இது என்று தயங்காமல் சொல்வேன்.

நீரும் நெருப்பும் அதற்கு எதிர்முனை. நீர்த்துளியின் அளவைப் பரப்பு இழுவிசை தீர்மானிக்கிறது. கட்டடத்தைப் பதினாறில் ஒரு பங்காக்கினால் துளியும் பதினாறில் ஒரு பங்காகிவிடாது. சிறு நகரத்தைப் பேரலை மூழ்கடிக்கும் காட்சியில் வீட்டுக் கதவளவு துளிகள் தெறித்தால் கேமரா எத்தனை வேகமாக ஓடியும் பயனில்லை. தீ நாக்குகளுக்கும் இதே தொல்லை உண்டு. இத்தகைய காட்சிகளில் மாதிரியை மிகப் பெரிதாகச் செய்ய இடமும் பணமும் இல்லையென்றால் கணினியிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

கணினி வரைகலையின் உண்மையான பலம், உலகில் எந்தப் பொருளாலும் செய்ய முடியாத வடிவங்களில் இருக்கிறது. 'இன்டர்ஸ்டெல்லார்' (2014) படத்தின் கருந்துளையை எந்தப் பட்டறையிலும் செய்திருக்க முடியாது. இயற்பியலாளர் கிப் தார்ன் தந்த சமன்பாடுகளைக் கொண்டு, வளைந்த வெளியில் ஒளிக்கதிர் செல்லும் பாதையைக் கணக்கிடும் மென்பொருளை டபுள் நெகட்டிவ் என்ற வரைகலை நிறுவனத்தினர் எழுதினார்கள். சில ஃப்ரேம்களைக் கணக்கிட 100 மணி நேரம் வரை பிடித்தது. அதே படத்தில் சுழலும் விண்கலத்துக்குப் பதினைந்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து படமெடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதம் அந்தப் படக்குழுவுக்குள் அர்த்தமற்றதாக இருந்திருக்கும். கருந்துளைக்கு நிறையும் ஒளியும் பற்றிய கணக்கு வேண்டியிருந்தது, கலத்துக்கு உலோகத்தின் மேல் விழும் கடுமையான வெயில் வேண்டியிருந்தது.

உயிரினங்களின் காட்சிகளில் இந்தப் பங்கீடு இன்னும் நுணுக்கமாகிறது. 'ஜுராசிக் பார்க்' (1993) கணினி வரைகலையின் தொடக்க வெற்றியாக நினைவுகூரப்பட்டாலும், டைனோசர்கள் திரையில் தோன்றும் சுமார் 15 நிமிடங்களில் ஏறத்தாழ 6 நிமிடங்களே கணினியில் உருவானவை. மற்றவை ஸ்டான் வின்ஸ்டன் குழுவின் இயந்திர உருவங்கள். ஓட்டமும் முழு உடலும் தெரியும் ஷாட் கணினிக்கு, முகமும் மூச்சும் தெரியும் ஷாட் இயந்திரத்துக்கு என்று பிரித்தார்கள். அந்த இயந்திர டி-ரெக்ஸின் மேல்தோல் ஃபோம் ரப்பரால் ஆனது. மழைக்காட்சியில் அது நீரை உறிஞ்சி எடை கூடியதும், இயக்கும் மோட்டார்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் உடல் முழுவதும் நடுங்கத் தொடங்கியது. டேக்குகளுக்கு இடையே படக்குழுவினர் துண்டுகளைக் கொண்டு அதைத் துவட்ட வேண்டியிருந்தது. இயந்திர உருவத்தைத் தேர்ந்தெடுப்பவர் இப்படிப்பட்ட மணிநேரங்களையும் அட்டவணையில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாம் 'டெர்மினேட்டர்' (1991) படத்திலும், திரவ உலோக மனிதன் உருகி உருமாறுவது கணினி வேலை; குண்டு பாய்ந்ததும் மார்பில் பூப்போல் விரியும் வெள்ளிக் காயங்கள் சட்டைக்கடியில் வைத்த ஸ்பிரிங் பொறிகள். 'எந்திரன்' (2010) படத்துக்குச் சிறப்பு விளைவுகள், கலை இயக்கம் ஆகிய இரண்டு பிரிவுகளிலும் தேசிய விருது கிடைத்தது. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும் என்ற அச்சத்துக்கு அது போதுமான மறுப்பு.

நடிகரின் பக்கத்திலிருந்து பார்த்தால் செட்டுக்கு வலுவான நியாயம் இருக்கிறது. கதவு எவ்வளவு கனம் என்று கைக்குத் தெரிந்தால் தோளும் அதற்கேற்ப அசையும். பின்னர் கணினியில் சேர்க்கப்படும் பொருளுக்குப் பதிலாக ஒரு டென்னிஸ் பந்தைக் காட்டி, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. '2001' படத்துக்காக விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் 7,50,000 டாலர் செலவில், சுமார் 38 அடி விட்டத்தில் சுழலும் சக்கர செட்டைக் கட்டியது. அதன் உள்வட்டத்தில் நடிகர் ஓடும்போது அவர் காலடியில் தரை உண்மையிலேயே நகர்ந்துகொண்டிருந்தது, அந்த ஓட்டத்தில் தெரியும் சிறு தடுமாற்றம்கூட உண்மையானது. ஆனால் நடிகருக்கு ஆதாரம் தர எப்போதும் செட்டே வேண்டும் என்பதில்லை. 'எக்ஸ் மெஷினா' (2014) படத்தில் இயந்திரப் பெண்ணாக வரும் நடிகையைக் கிரீன் மேட் ஏதுமின்றி, உண்மையான அறைகளில், சக நடிகர்களோடு இயல்பாக நடிக்க வைத்து, முகத்தையும் கைகளையும் அப்படியே விட்டுவிட்டு, உடலின் பாகங்களை மட்டும் பின்னர் கணினியில் ஒளிபுகும் இயந்திரமாக மாற்றினார்கள். ஏறத்தாழ 1.5 கோடி டாலரில் எடுக்கப்பட்ட அந்தப் படம், அதைவிடப் பல மடங்கு செலவான படங்களை முந்திக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரைப் பெற்றது.

இனி பணத்துக்கு வருவோம். செட்டின் செலவு ஒரே முறை வருவது. கட்டி முடித்தபின் அதில் பத்து ஷாட் எடுத்தாலும் இருநூறு ஷாட் எடுத்தாலும் மரத்துக்கும் பெயின்ட்டுக்கும் கொடுத்த தொகை மாறாது. கணினி வரைகலையின் செலவு ஷாட்டின் எண்ணிக்கையோடு ஏறிக்கொண்டே போகும், ஏனெனில் முப்பரிமாண வடிவத்தை ஒருமுறை செய்துவிட்டாலும், நடிகரைப் பின்னணியிலிருந்து பிரிப்பது, கேமரா அசைவைத் தடம்பிடிப்பது, ரெண்டர் செய்வது, இணைப்பது ஆகிய வேலைகள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மறுபடி வரும். ஆகவே கதையின் பாதி நடக்கும் கட்டுப்பாட்டறையைக் கட்டிவிடுவதும், ஒரே ஒருமுறை ஜன்னல் வழியே தெரியும் நகரத்தைக் கணினியில் செய்வதும் கணக்குக்குப் பொருந்தும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு: நடிகரின் கை எட்டும் உயரம் வரை கட்டிவிட்டு மேலே கணினியில் நீட்டுவது.

கட்டுவது என்று முடிவு செய்தாலும் முழுவதையும் கட்ட வேண்டியதில்லை என்பதற்குப் பழைய படங்களே சான்று. 'ஏலியன்' (1979) படத்தில் வேற்றுக்கிரகத் தளம் இன்னும் பிரம்மாண்டமாகத் தெரிவதற்காக, இயக்குநர் ரிட்லி ஸ்காட் தம் பிள்ளைகளுக்குச் சிறிய அளவில் விண்வெளி உடை அணிவித்து, தூரத்து ஷாட்டில் வளர்ந்தவர்களுக்குப் பதிலாக நடக்க வைத்தார். 'ஏலியன்ஸ்' (1986) படத்தில் உறக்கப் பெட்டிகளைப் பாதி எண்ணிக்கையில் மட்டும் செய்து, ஒரு பெரிய நிலைக்கண்ணாடியை வைத்து எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார்கள். 'மூன்' (2009) சுமார் 50 லட்சம் டாலரில் முடிந்ததற்குக் காரணம், நிலவுத்தளத்தின் உட்புறத்தை ஒரே முழு செட்டாகக் கட்டியதும், வெளிப்புற வண்டிகளை மினியேச்சராக எடுத்து, கணினியை மெருகேற்ற மட்டும் பயன்படுத்தியதும்தான்.

முடிவைத் தள்ளிப்போடுவதன் விலை எந்த மதிப்பீட்டிலும் முன்கூட்டித் தெரிவதில்லை. 2011-இல் வந்த 'தி திங்' இதற்குக் கசப்பான எடுத்துக்காட்டு: அமால்கமேட்டட் டைனமிக்ஸ் குழுவினர் உழைத்துச் செய்த இயந்திர உருவங்களோடு படப்பிடிப்பு முடிந்த பிறகு, அவற்றில் பெரும்பகுதி கணினி வரைகலையால் மூடப்பட்டது. இரண்டு வழிகளுக்கும் பணம் கொடுத்து ஒன்றின் பலனை மட்டும் பெறுவது இதுதான்; ரசிகர்கள் இன்றும் அந்த மூடப்பட்ட உருவங்களைப் பற்றியே பேசுகிறார்கள். கணினி வேலையில் திருத்தம் எளிது என்ற நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு. நிர்ணயித்த தொகைக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு, மாற்றங்களின் சுமையை வரைகலை நிறுவனமே தாங்கும் நடைமுறை, 2013-இல் ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற வரைகலை நிறுவனம் திவால் மனு கொடுத்த சில நாட்களிலேயே ஆஸ்கர் வென்றபோது பரவலாக விவாதிக்கப்பட்டது.

இதற்காகக் கணினி என்றாலே தாமதம் என்று எண்ணிவிடக் கூடாது. 'கிராவிட்டி'யில் ஒளிப்பெட்டியை இயக்குவதற்கே ஒவ்வொரு ஷாட்டின் கேமரா அசைவும் ஒளியின் திசையும் படப்பிடிப்புக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். 'இன்டர்ஸ்டெல்லார்' குழு விண்வெளிக் காட்சிகளை முன்கூட்டியே உருவாக்கி, கலத்தின் ஜன்னலுக்கு வெளியே திரையில் வீசி, நடிகரோடு சேர்த்தே படம்பிடித்தது. கணினியில் உருவானவை என்றாலும் இவை செட்டின் ஒழுக்கத்தில் செய்யப்பட்டவை. நேர்மாறாக, 8 கோடி டாலரில் எடுக்கப்பட்ட 'தி கிரியேட்டர்' (2023) வடிவமைப்பை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளியது. உண்மையான இடங்களில், கிடைத்த வெளிச்சத்தில் எடுத்து, தொகுத்து முடித்த காட்சிகளின் மேல் எதிர்காலக் கட்டடங்களையும் இயந்திர உருவங்களையும் சேர்த்தார்கள். அங்கே தள்ளிப்போட்ட முடிவு தொல்லை தராததற்குக் காரணம், மண்ணும் வானமும் ஏற்கெனவே ஃப்ரேமில் உண்மையாக இருந்ததே. எதைத் தள்ளிப்போடலாம் என்பதையாவது முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள்.

'தி மாண்டலோரியன்' (2019) தொடருக்குப் பின் பரவிய, நடிகரைச் சுற்றிப் பெரிய எல்இடி திரைகளில் பின்னணியைக் காட்டும் படப்பிடிப்பு அரங்கமும் இந்தக் கோணத்தில்தான் பார்க்கத் தக்கது. கேமரா நகர நகரப் பின்னணியும் வீடியோ கேம்களை உருவாக்கப் பயன்படும் மென்பொருளின் உதவியோடு அதற்கேற்ப நகர்வதால், உலோகக் கவசத்தில் சரியான பிரதிபலிப்பு அப்போதே கிடைத்துவிடுகிறது. பச்சைக் கசிவும் இல்லை. ஆனால் பின்னணியைப் படப்பிடிப்புக்கு முன்பே செய்து முடிக்க வேண்டும். அத்தோடு, பரந்த திரையின் மென்மையான ஒளியால் நடுப்பகல் வெயிலின் கூர்மையான நிழலைத் தர முடியாது, திரையின் மேல் நேரடியாக ஃபோகஸ் விழுந்தால் அலைக்கோடுகள் தோன்றும், ஒரே நேரத்தில் இரண்டு கேமராக்களை வெவ்வேறு கோணங்களில் ஓட்டுவதும் சிக்கல். அந்தி வேளைக் காட்சிகளுக்கும் வண்டியின் உட்புறக் காட்சிகளுக்கும் இதைத் தேர்ந்தெடுப்பேன். பாலைவன நண்பகலுக்கு வெளியே போவேன்.

காலம் கடந்து எது நிற்கும் என்ற கேள்வியை நீட்ட வேண்டியதில்லை. மோசமான மினியேச்சர்கள் மறக்கப்பட்டுவிட்டன, நல்லவை மட்டும் நினைவில் நிற்கின்றன, எனவே ஒப்பீடே சமமானதல்ல. 'கிராபிக்ஸ் இல்லாமல் எடுத்தோம்' என்ற விளம்பரங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். உண்மையான வண்டிகளுக்காகக் கொண்டாடப்பட்ட 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' (2015) படத்திலேயே ஏறத்தாழ 2,000 வரைகலை ஷாட்கள் இருக்கின்றன.

நடுத்தரச் செலவில், ஒரே கலத்துக்குள் பெரும்பகுதி நடக்கும் கதை என்றால் என் தேர்வு இப்படி இருக்கும். உட்புறத்தை நாற்புறமும் மூடிய செட்டாகக் கட்டி, விளக்குகளைச் சுவரிலேயே பதிப்பேன், அப்போது ஒளிப்பதிவாளர் எந்தப் பக்கமும் திரும்பலாம். கலத்தின் வெளித்தோற்றம் நாலைந்து மெதுவான ஷாட்களில் முடியுமென்றால் மினியேச்சர். துரத்தலும் சண்டையும் இருந்தால் தயங்காமல் கணினி. வேற்றுக்கிரக உயிரினம் நடிகரைத் தொடும் என்றால் தொடும் உறுப்பை மட்டுமாவது கையால் செய்து வைப்பேன். நீரும் பெருந்தீயும் கணினிக்கு. எந்த வழியில் எடுக்கும் ஷாட்டானாலும், ஒவ்வொரு விளக்கமைப்பும் மாறுவதற்கு முன், நடிகர் நின்ற இடத்தில் ஒரு பளபளப்பான குரோம் பந்தையும் ஒரு சாம்பல் நிறப் பந்தையும் வைத்துச் சில நொடிகள் படம் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். குரோம் பந்தில் சுற்றிலும் உள்ள விளக்குகளின் இடமும், சாம்பல் பந்தில் அவற்றின் வலுவும் நிறமும் பதிவாகிவிடும். பின்னொரு நாள் அந்த ஷாட்டில் கணினியால் ஏதாவது சேர்க்க நேர்ந்தால், வேலை செய்பவர் ஒளியை ஊகிக்க வேண்டியிருக்காது.